சோறு போட்டால் சிறை இல்லையா?

திருகோணமலையில் மே மாதம் வந்தால் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். முன்பெல்லாம் ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொலைக்காட்சியில் சொல்வார்கள். இப்போது நம்முடைய கடற்கரையில் கச்சான் கொறித்தபடி இருக்கும் பிள்ளைகளே சொல்கிறார்கள். “2009இல ஆரையும் அடைச்சு வைக்கேல்லை. அது நலன்புரி நிலையம். சாப்பாடு குடுத்தவை, மருந்து குடுத்தவை, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமும் வச்சவை. கண்ணிவெடி எடுத்து முடிய ஊருக்கு விட்டவை. இதைப்போய்ச் சிறை எண்டு சொல்லலாமோ?”

சொல்கிற பிள்ளைகளில் எனக்குக் கோபமில்லை. அந்த வருடத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. ஆளில்லாத வளவில் யார் முதலில் வேலி போடுகிறார்களோ அவர்களுக்கே காணி என்பதுபோல, பேசப்படாத வருடத்தில் முதலில் வந்த கதை குடியேறிவிட்டது. கோபம் அந்தக் கதையைக் கட்டியவர்கள்மீதுதான்.

கதை கெட்டிக்காரத்தனமாகக் கட்டப்பட்டது. மேசைபோல நான்கு கால்கள் அதற்கு. அங்கே பராமரிப்பு இருந்தது என்பது முதற்கால். புலிகள் சனத்தோடு கலந்திருந்தார்கள், வடிகட்டாமல் விட முடியாது என்பது இரண்டாவது. ஊரெல்லாம் கண்ணிவெடி, அவர்களுடைய பாதுகாப்புக்காகவே வைத்திருந்தோம் என்பது மூன்றாவது. சனத்தை உண்மையில் பிடித்து வைத்திருந்தது புலிகள், அரசு மீட்டது என்பது நான்காவது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஏன் கிளறுகிறீர்கள் என்பது மேசைமேல் விரித்த துணி. ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் மேசை இத்தனை காலம் நிற்கிறது.

போர் முடிவில் வன்னிச் சனத்தை வவுனியா முகாம்களில் வைத்திருந்ததற்குத் திருகோணமலைக்காரனுக்கு என்ன வழக்கு என்று கேட்கலாம். வழக்கு நம் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. 2009 பெப்ரவரி 10ஆம் திகதி சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்த முதற்கப்பல் இங்கேதான் வந்தது. அந்த முதல் நடையில் 240 பேருக்கு மேல். மே மாதம் ஒன்பதாம் திகதிவரை அந்தக் கடல்வழியால் வந்த காயக்காரரும் நோயாளரும் அவர்களோடு துணைக்கு வந்தவர்களுமாக ஏறக்குறைய 14,000 பேர். திருகோணமலை வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. பிறகு கப்பல்கள் வடக்கே, இல்மனைட் மணலுக்குப் பேர்போன புல்மோட்டைக்குத் திரும்பின. மார்ச் மாதம் இந்திய மருத்துவக் குழுவொன்று அங்கே கள வைத்தியசாலை அமைத்தது. நம் மாவட்டத்தின் கரையில் இறங்கிய அந்தச் சனம் காயம் ஆறியதும் எங்கே போனது? வீட்டுக்குப் போகவில்லை. இங்கே சொந்தக்காரர் இருந்தவர்களும் அந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. முகாமுக்குப் போனார்கள். கையில்லாதவரும், காலில்லாதவரும், அவரைத் தூக்கிக்கொண்டு வந்த தாயும்.

இனி மேசையின் கால்களைப் பார்ப்போம்.

சாப்பாட்டுக் கதை முதலில். வெலிக்கடைச் சிறையிலும் சாப்பாடு கொடுக்கிறார்கள். மருந்து கொடுக்கிறார்கள். அடைத்து வைத்தவனுக்குச் சோறு போட வேண்டியது அடைத்தவனின் கடமை. தானே தேடிச் சாப்பிடும் வழியை அவன்தானே மறித்தான்? ஆகவே சோறு எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு இடம் வீடா, விடுதியா, சிறையா என்று அறிய அடுப்படியைப் பார்த்துப் பயனில்லை. வாசலைப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவர் தன் விருப்பத்துக்கு வெளியே போகலாமா? போகக்கூடாது என்றால் மறிப்பவர் யார்? வவுனியாவின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வாசலில் நின்றது துப்பாக்கியோடு இராணுவம். சுற்றிவர முள்ளுக்கம்பி. பார்க்க வந்த உறவுக்காரர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நின்றவரோடு பேசினார்கள். 2009 மே மாத முடிவில் இப்படியான முகாம்களில் இருந்தவர்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி மெனிக் பாமில்.

வெளியே போகலாம் என்ற அனுமதி வந்தது அந்த வருடம் டிசம்பர் முதலாம் திகதி. அதற்கு முன் முதியவர்கள் சிலரையும் வேறு சில பிரிவினரையும் விட்டார்கள், உண்மைதான். ஆனால் ‘விட்டார்கள்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லே போதும். விருந்துக்கு வந்தவரை யாரும் விடுவதில்லை. அவர் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பெயர்களைப் பாருங்கள். மெனிக் பாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பெரியார்களைக் கௌரவித்தார்களாம். பொன்னம்பலம் இராமநாதன் யார்? 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது பிரித்தானிய அரசு இராணுவச் சட்டம் பிரகடனம் செய்து, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்ற சிங்களத் தலைவர்களைக் குற்றச்சாட்டு இல்லாமலே சிறையில் அடைத்தது. அதற்கு எதிராகச் சட்டசபையில் இடி முழங்கியவர் இராமநாதன். முதுமையில் கப்பலேறி இலண்டன்வரை போய் வாதாடியவர். அந்தக் கலவரத்தில் அடிபட்ட முஸ்லிம்களுக்காக அவர் பேசவில்லை என்ற மனக்குறை இன்றும் உண்டு. நியாயமான குறை அது. ஆனால் வழக்கில்லாமல் ஆளை அடைப்பது அநியாயம் என்று இந்தத் தீவில் முதலில் உரத்துச் சொன்னவர்களில் அவர் ஒருவர். வழக்கில்லாமல் அடைக்கப்பட்ட சனத்தின் கூடாரங்களுக்கு அவருடைய பெயரைச் சூட்டியவர்களுக்குச் சரித்திரம் தெரியவில்லையோ, தெரிந்துதான் செய்தார்களோ.

நல்ல பெயர் வைப்பது நம் நாட்டுக் கண்டுபிடிப்பும் இல்லை. தென்னாபிரிக்காவில் போயர் குடும்பங்களின் பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் போட்டபோது பிரித்தானியர் சொன்ன பெயர் ‘அகதி முகாம்’. அவற்றில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், நோயில் செத்தார்கள். அதே காலத்தில் அவர்களுடைய ஆண்கள் ஆயிரக்கணக்கில் நம் தியத்தலாவையில் போர்க்கைதிகளாக இருந்தார்கள். மலாயாவில் அவசரகாலத்தின்போது ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனக் குடியானவர்களை, முள்வேலிக்குள் குடியேற்றி ‘புதுக் கிராமம்’ என்றார்கள். அமெரிக்கா தன் மேற்குக் கரை ஜப்பானியரை அடைத்த இடத்தின் பெயர் ‘இடமாற்ற நிலையம்’. நலன்புரி நிலையமும் இந்த வரிசையில் ஒன்று. அடைக்கும் அரசு எதுவும் அடைக்கிறேன் என்று பலகை எழுதி மாட்டியதில்லை.

இலங்கையின் அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்தப் பெயர் விளையாட்டை எதிர்பார்த்தே எழுதினார்கள் போலிருக்கிறது. 13(2)ஆம் உறுப்புரை கைது செய்யப்பட்டவரை மட்டும் பேசவில்லை. காவலில் வைக்கப்பட்டவர், தடுத்து வைக்கப்பட்டவர், வேறு எவ்வகையிலேனும் ஆள் சுதந்திரம் பறிக்கப்பட்டவர் எவரும் அருகிலுள்ள நீதிபதி முன் கொண்டுவரப்பட வேண்டும் என்கிறது. வேறு எவ்வகையிலேனும்! என்ன பெயர் வைத்தாலும் இந்த வலையில் விழும். 14ஆம் உறுப்புரை நாடு முழுவதும் நடமாடவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை தருகிறது. தேசிய பாதுகாப்புக்காக இவற்றை மட்டுப்படுத்தலாம், ஆனால் சட்டத்தினால் மட்டுப்படுத்த வேண்டும். மெனிக் பாமில் இருந்தவர்களுக்குப் பெயர் பெயராகத் தடுப்புக் கட்டளை கிடைத்ததா? இல்லை. நீதிபதி முன் நிறுத்தினார்களா? இல்லை. இதை நான் சொல்வதைவிடப் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். 2009 ஜூன் மாதம், ஓய்வுபெறுவதற்குச் சில நாட்கள் முன்பு, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா செட்டிகுளம் முகாம்களைப் போய்ப் பார்த்துவிட்டு, அந்தச் சனத்துக்கு நாட்டின் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். பிரதம நீதியரசரே அப்படிச் சொன்ன இடத்துக்கு நலன்புரி நிலையம் என்றா பெயர்?

அடுத்தது வடிகட்டல். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ள மாட்டேன். போர் முடிந்த மறுநாள் ஆயுதம் தூக்கியவர் யார், தூக்காதவர் யார் என்று பார்ப்பது எந்த அரசும் செய்யும் வேலை. ஆனால் சல்லடை எதற்கு? கல்லை நிறுத்திவைக்கவும் அரிசியை விடவும். ஓமந்தைச் சோதனைச் சாவடியிலும் முகாம்களிலும் விசாரித்து, புலிகளோடு தொடர்புடையவர்கள் என்று பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து ‘புனர்வாழ்வு’க்கு அனுப்பினார்கள். கல் போய்விட்டது. மிச்சம் அரிசி என்று அரசே கணக்குச் சொன்னது. பிறகும் ஏன் சல்லடையைப் பொத்திப் பிடித்தார்கள்? கைக்குழந்தையை என்ன வடிகட்டல்? கப்பலில் வரும்போதே ஒவ்வொருவராகப் பதிந்து, கடற்படை பார்த்து, வைத்தியசாலைக் கட்டிலில் வைத்து விசாரித்த ஒற்றைக்கால் மனிதனை இன்னும் எத்தனை முறை வடிகட்டுவது?

சுற்றிவளைப்பில் முகமூடி போட்ட தலையாட்டி முன் வரிசையாக நின்ற அனுபவம் திருகோணமலைத் தமிழருக்கு நிறைய உண்டு. தலையாட்டிகூட ஆளைப் பார்த்துத்தான் தலையை ஆட்டினான். கொடுமைதான், ஆனால் ஒருவர் ஒருவராக நடந்த கொடுமை. மெனிக் பாம் அந்த வேலையையும் மிச்சப்படுத்திவிட்டது: வன்னியிலிருந்து வந்தாயா, உள்ளே போ.

போர்க்காலத்தில் இப்படித்தான் செய்ய முடியும் என்பவர்களுக்கு இரண்டாம் உலகப் போரைக் காட்டுகிறேன். பசிபிக் போர் நமக்குத் தூரத்துக் கதை இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அதற்குச் சரியாக ஏழு வாரம் முன்பு, பெப்ரவரி 19ஆம் திகதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்கக் கட்டளையில் கையெழுத்து வைத்தார். மேற்குக் கரையிலிருந்த ஏறக்குறைய 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் பத்து முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரசைகள். சொன்ன காரணம் நமக்குப் பழக்கமானது: யார் உளவாளி என்று பிரித்தறிய நேரமில்லை.

அப்படியானால் ஹவாயைப் பாருங்கள். குண்டு விழுந்த பேர்ள் துறைமுகம் அங்கேதான். ஜப்பானிய வம்சாவளியினர் அங்கே ஒன்றரை இலட்சம் பேர். சனத்தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேல். பயத்துக்குக் காரணம் இருந்தால் முதலில் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே அடைக்கப்பட்டவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர்தான். எல்லாரையும் அடைத்தால் தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்ய ஆளில்லை. தேவை என்று வந்தபோது ஆள் பார்த்துப் பிரிக்க முடிந்தது. தேவையில்லாத இடத்தில்தான் ‘முடியாது’ என்ற சொல் பிறந்தது. போர் முடியும்வரை உளவு பார்த்ததற்கோ நாசவேலை செய்ததற்கோ அந்த அமெரிக்க ஜப்பானியரில் ஒருவர்கூடக் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை.

பிரித்தானியாவில் 1939இல் ஜேர்மன், ஒஸ்திரியப் பிரசைகளை வகைபிரிக்க விசாரணைச் சபைகள் வைத்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். 1940இல் பீதி தலைக்கேறி ஆயிரக்கணக்கில் அள்ளி அடைத்தார்கள். பிறகு வெட்கப்பட்டுப் பெரும்பாலானோரை விட்டார்கள். அந்தப் பாடங்களுக்குப் பிறகு எழுதிய 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, பகை நாட்டுப் பிரசையைத் தடுத்து வைத்தால் அவர் நீதிமன்றத்திலோ நிருவாகச் சபையிலோ முறையிடலாம், வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த முடிவை மீளப் பார்க்க வேண்டும் என்கிறது. அது நாடுகளுக்கிடையிலான போருக்கான விதி, நம்முடையது உள்நாட்டுப் போர் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். அப்போது கணக்கு இன்னும் மோசமாகிறது. அந்நியனாகப் பிறந்து பகை நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் கிடைத்திருக்கும் முறையீடு, இலங்கைத் தேசிய அடையாள அட்டை வைத்திருந்ததால் கிடைக்காமல் போனது.

சிங்கள நண்பர்களுக்கு இன்னொரு பெயரை நினைவூட்டலாம். ஜேர்மனியில் பிறந்து இங்கே பிக்குவாகி, தொடந்தூவைத் தீவில் ஆச்சிரமம் அமைத்த ஞானதிலோக தேரரை இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானியர் தியத்தலாவையில் அடைத்தார்கள். இரண்டாம் முறை இந்தியாவின் தேராதூன் முகாம்வரை கொண்டுபோனார்கள். காவியுடுத்த ஒருவரைப் பிறந்த நாட்டைக் காரணம் காட்டி அடைத்ததைப் பௌத்தர் எவரும் இன்று நியாயம் என்று சொல்வதில்லை. பிறந்த நாட்டைக் காட்டி அடைப்பது அநியாயம் என்றால், பிறந்த ஊரைக் காட்டி அடைப்பது மட்டும் எப்படி நலன்புரியாகும்?

மூன்றாவது, கண்ணிவெடி. இந்தக் கால் தொட்டாலே ஆடும். கண்ணிவெடி எங்கே இருந்தது? வன்னியில். திருகோணமலைப் பட்டினத்தில் இருந்த மாமியின் வீட்டு முற்றத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் அக்காவின் வீட்டிலோ வவுனியா நகரத்தில் தம்பியின் வாடகை அறையிலோ இல்லை. வெடி புதைத்த வயலுக்குப் போகாதே என்று சொல்வது பாதுகாப்பு. வெடி இல்லாத வீட்டுக்கும் போகாதே என்பதற்கு வேறு பெயர். உறவுக்காரரிடம் போய் இருக்கிறோம் என்று கேட்டவர்களை மறித்தது எந்த வெடி?

பாதுகாப்பு என்று வைத்திருந்த இடத்தின் இலட்சணத்தை வானம் காட்டியது. 2009 ஓகஸ்ட் நடுவில் மாரிக்கு முந்திய ஒரு மழைக்கே மெனிக் பாம் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மாரி இன்னும் தொடங்கவில்லை. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற அந்தச் சனத்துக்கு ‘வா, எங்கள் வீட்டில் இரு’ என்று சொல்லச் சொந்தக்காரர் இருந்தார்கள். வாசலில் ஆமிக்காரன் நின்றான்.

பிறகு வாசல் எப்போது திறந்தது? 2009 நவம்பர் கடைசியில் இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. டிசம்பர் முதல் வெளியே போய்வரலாம் என்பது ஒன்று. ஜனாதிபதித் தேர்தல் முன்கூட்டியே நடக்கும் என்பது மற்றது. தேர்தல் 2010 ஜனவரி 26இல் நடந்தது. கண்ணிவெடிகள் வாக்குச்சீட்டைக் கண்டு தாமாக எழுந்து போயினவா? வன்னியில் வெடியகற்றும் வேலை அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் நடந்தது. வெடிதான் காரணமென்றால் சனம் இன்னும் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

நான்காவதில் நாமும் கொஞ்சம் தலை குனிய வேண்டும். கடைசி மாதங்களில் சனத்தை வெளியேற விடாமல் மறித்தவர்கள் புலிகள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் இரண்டு தரப்பின்மீதும் குற்றச்சாட்டுகளை அடுக்கியது. இதைச் சொல்லக் கூசுகிற தமிழ் எழுத்துக்கு அரசைக் கேள்வி கேட்கும் தகுதி பாதிதான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை உடுத்த துணியோடு துரத்தியதும் அதே கைகள்தான்.

ஆனால் இந்த உண்மை அரசின் வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. புலிகள் சனத்தைப் பணயமாக வைத்திருந்தார்கள், நாங்கள் மீட்டோம், அது மனிதாபிமான நடவடிக்கை என்றார்கள். ஏற்றுக்கொள்வோம். பணயக்கைதியை மீட்டால் என்ன செய்வார்கள்? தண்ணீர் கொடுத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு, வீட்டுக்கு அனுப்புவார்கள். மீட்டு வந்து இன்னொரு பூட்டுக்குள் வைத்தால், முதற்பூட்டுப் போட்டவனுக்கும் இரண்டாம் பூட்டுப் போட்டவனுக்கும் சோற்றின் அளவில்தான் வித்தியாசம். அவர்கள் மீட்கப்பட்டவர்களா, சந்தேக நபர்களா? ஒரே வாயால் இரண்டையும் சொல்ல முடியாது. சொன்னார்கள்.

நான்கு காலும் போயிற்று. துணி மட்டும் காற்றில் நிற்கிறது: எல்லாம் முடிந்துவிட்டது. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது உண்மை. கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவுச் சனத்தைக் கேப்பாப்புலவுக்கு விடவில்லை என்பதும் உண்மை. அவர்களுடைய காணியில் இராணுவம் இருந்தது. சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தக் கதையைக் கேட்டபோது திருகோணமலையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நம் கொட்டியார்க் குடாவின் அக்கரையில் அதே கதை ஆறு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை. 2006 ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதிமீது தற்கொலைத் தாக்குதல் நடந்த அன்றே மூதூர் கிழக்கில் குண்டு விழத் தொடங்கியது. சனம் வாகரைக்கு ஓடி, மட்டக்களப்புக்கு ஓடி, 2007இல் திரும்பக் கொண்டுவரப்பட்டபோது ஊருக்குப் போக முடியவில்லை. மே மாதம் 30ஆம் திகதி வர்த்தமானி அவர்களுடைய ஊரை உயர் பாதுகாப்பு வலயமாக்கிவிட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் தகரத்தின் கீழ் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2006 சண்டையில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு ஓடிய முஸ்லிம்கள் பல இழப்புகளோடு சில வாரங்களில் ஊர் திரும்ப முடிந்தது. சம்பூர்க்காரருக்கு ஒன்பது, பத்து வருடம் எடுத்தது. இடையில் அந்தக் காணியில் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து அனல் மின்நிலையம் வரும் என்றார்கள். முதலீட்டு வலயம் என்று 818 ஏக்கரைக் கொடுத்தார்கள். 2015இல் அந்த 818 ஏக்கரும் 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் திரும்பக் கிடைத்தன. அனல் மின்நிலையமும் கைவிடப்பட்டது. உயர் பாதுகாப்பு, உயர் பாதுகாப்பு என்று பத்து வருடம் சொன்ன இடத்தில் பாதுகாக்க என்ன இருந்தது?

கிளிவெட்டி முகாமில் முள்ளுக்கம்பி வாசல் இல்லை, சந்தைக்குப் போய்வந்தார்கள். அதையும் மெனிக் பாமையும் ஒன்றாகச் சொல்லலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பூட்டில் இரண்டு வகை உண்டு. உள்ளே தள்ளிப் பூட்டுவது ஒன்று. வெளியே தள்ளிவிட்டு வீட்டைப் பூட்டுவது மற்றது. மெனிக் பாம் முதல் வகை, சம்பூர் இரண்டாவது. அமெரிக்க ஜப்பானியருக்கும் கரையோரத்தை விட்டு விலக்கும் கட்டளை முதலில் வந்தது, முகாம் பிறகு வந்தது. இரண்டு பூட்டுக்கும் திறப்பு ஒன்றுதான்: ஆளைப் பாராமல் ஊரைப் பார்த்துச் செய்வது, சந்தேகத்துக்குச் சாட்சி கேளாமல் விடுவது.

கணக்கில்லாமல் ஆளை வைத்திருக்கலாம் என்ற பழக்கம் பெரிய வயல்வெளியில் மட்டும் நிற்பதில்லை. 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் அதைச் சுற்றியும் கடத்தப்பட்ட 11 பேர் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. தமிழரும் முஸ்லிம்களும் அவர்களில் இருந்தார்கள். 2015 நவம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. பணிக்குழு அந்தத் தளத்துக்குள் இருந்த இரகசியத் தடுப்பிடத்தைப் போய்ப் பார்த்தது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் மலையில் நின்று பார்க்கும் அதே துறைமுகம். இரண்டே முக்கால் இலட்சம் பேரைக் கட்டளைப் பத்திரம் இல்லாமல் வைத்திருந்தது சரி என்று தலையாட்டிவிட்டு, பதினொரு பேரை ஏன் வைத்திருந்தாய் என்று எந்த நியாயத்தில் கேட்பது?

சிறையிலிருந்து வெளியே வருபவன் கையில் ஒரு கடதாசி இருக்கும். எந்தத் திகதியில் உள்ளே போனான், எதற்காக, எந்தத் திகதியில் வெளியே வந்தான் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடதாசியை வைத்து வழக்குப் போடலாம், நட்டஈடு கேட்கலாம், பேரப்பிள்ளைக்குக் காட்டலாம். மெனிக் பாமிலிருந்து வந்தவர் கையில் என்ன இருந்தது? நிவாரண அட்டை. அவர் கைது செய்யப்படவே இல்லை, ஆகவே விடுதலையும் செய்யப்படவில்லை, ஆகவே அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ‘நலன்புரி’ என்ற சொல் செய்த வேலை இதுதான். சனத்தை அடைத்ததோடு, அடைத்த கணக்கையும் சேர்த்து அழித்தது. அதனால்தான் இந்தச் சொற்சண்டையை நான் விடுவதில்லை.

அமெரிக்காவும் தன் கணக்கை உடனே எழுதவில்லை. 1944இல் அங்கே உயர் நீதிமன்றமே, விலக்கும் கட்டளையை மீறிய கொரமற்சு என்பவரின் வழக்கில் அரசின் பக்கம் தீர்த்தது. 1983இல், அரசு உண்மைகளை மறைத்தது தெரியவந்து, கொரமற்சுவின் குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது. காங்கிரஸ் அமைத்த ஆணைக்குழு, இராணுவத் தேவை என்பது பொய், இனவெறுப்பும் போர்ப் பீதியும் தலைமையின் தோல்வியும்தான் காரணம் என்று முடிவு சொன்னது. 1988இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் கொடுத்தார்கள். 1942இலிருந்து 46 வருடம். அதே வேகத்தில் போனால் நமக்கு 2055. செட்டிகுளத்தில் தாயின் மடியில் இருந்த பிள்ளைக்கு அப்போது ஐம்பது வயதை நெருங்கும். தாய் இருக்க மாட்டாள்.

ஆகவே கடற்கரையில் கச்சான் கொறிக்கும் தம்பி தங்கைகளே, அங்கே சாப்பாடு இருந்ததா என்று உங்கள் வீட்டில் கேட்காதீர்கள். இருந்தது. தண்ணீருக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள் என்றும் கேட்காதீர்கள், அது பெருமூச்சில் முடியும். ஒரு கேள்வி போதும்: “அம்மா, நீங்கள் எப்ப உள்ள போனீங்கள், எப்ப வெளிய வந்தீங்கள்?” இரண்டு திகதிகள் கிடைக்கும். அவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கீழே பெயரையும் வலயத்தையும் எழுதுங்கள். அரசு எழுத மறுத்த கடதாசி அது. அதில் அரசின் கையொப்பத்தைக் கேட்பது நம் வேலை. கையொப்பம் வந்த பிறகு அந்த இடத்துக்கு நலன்புரி நிலையம் என்று பெயர் வைப்பதா, வேறென்ன பெயர் வைப்பதா என்று ஆறுதலாக இருந்து பேசலாம்.